நடக்கத்தான் காரில் போகிறார்கள்

விடியற்காலையில் சென்னை மெரினாவுக்குப் போனால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கார்கள் வரிசையாக வந்து நிற்கும். இறங்குபவர்கள் எல்லாரும் நடக்க வந்தவர்கள். முக்கால் மணி நேரம் விறுவிறுவென நடந்துவிட்டு, மறுபடி காரில் ஏறி வீடு திரும்புவார்கள். அதே ஆட்கள் தெருமுனையில் பால் வாங்க ஸ்கூட்டரை எடுப்பார்கள்.

நடப்பது என்றால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மருந்து. கடைக்கு நடந்து போவது வண்டி இல்லாதவர் பாடு. நம் நகரங்களில் ஊறிப்போன நம்பிக்கை இது. இதில் முதல் பாதி அரை உண்மை. இரண்டாம் பாதி தெருவையே கெடுக்கிறது.

மருந்துக் கணக்கை முதலில் பார்க்கலாம். கைக்கடிகாரம் துரத்துகிற அந்தப் ‘பத்தாயிரம் காலடி’ 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வயதான பெண்களுக்குக் கிடைத்த பலன் சுமார் 7,500 காலடியோடு நின்றுவிட்டது. பால் பூத், இஸ்திரி வண்டி, பேருந்து நிறுத்தம் என்று நடந்தாலே அதில் ஒரு நல்ல பங்கு சேர்ந்துவிடும்.

உடம்புக்குக் கிடைப்பது அவ்வளவு. தெருவுக்குக் கிடைப்பது என்ன?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1960-களின் இறுதியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர், ஏறத்தாழ ஒரே சாயலுள்ள மூன்று தெருக்களை ஒப்பிட்டார். பெரிய வேறுபாடு வண்டிகளின் எண்ணிக்கைதான். நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போன தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள், 6 பேருக்கு மேல் தெரிந்தவர்கள். 16,000 வண்டிகள் போன தெருவில் நண்பர்களின் சராசரி ஒன்றைக்கூடத் தொடவில்லை. தெரிந்தவர்கள் சுமார் 3 பேர். ‘உங்கள் இடம் எதுவரை?’ என்பதற்கு முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள். வண்டிகள் நிறைந்த தெருக்காரர்களுக்கு அது வீட்டுக் கதவோடு முடிந்தது.

காரணம் எளிது. தெருவில் உறவு என்பது சின்னச் சின்ன நிறுத்தங்களில் முளைப்பது. “என்ன சார், ரெண்டு நாளா காணோம்?” என்று இஸ்திரிக்காரர் கேட்க வேண்டுமானால், அவர் முன்னால் ஒருவர் தினமும் நடந்து போயிருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவரை யார் விசாரிப்பார்கள்? தெருவில் ஆள் நடமாட்டமும் பார்க்கிற கண்களும் இருந்தால் அதுவே காவல் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் நியூயார்க் தெருக்களை வைத்து 1961-லேயே எழுதிவிட்டார்.

“நடக்க இடம் எங்கே இருக்கிறது?” என்பார்கள். நியாயமான கேள்வி. நடைபாதையில் பைக்கும் மின்பெட்டியும் நிற்கின்றன. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதசாரிகள் உயிரிழந்தார்கள். ஆனால் இந்த நிலைமை மாறாததற்கு ஒரு காரணம், குரல் எழுப்பினால் எடுபடக்கூடியவர்கள் நடைபாதையில் கால் வைப்பதே இல்லை என்பது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. அதன்படி 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அங்கே மாலையில் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுகிறவர்களைப் பார்த்தால், இடம் கொடுத்தால் நம் ஜனமும் நடக்கும் என்பது விளங்கும். ஆனால் பெரும்பாலான தெருக்களுக்கு அந்தக் கொள்கை இன்னும் வந்து சேரவில்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடையற்ற நடைபாதை அரசியல் சட்டம் தரும் உரிமை என்று சொல்லிவிட்டது. ஆகவே நாளைக் காலைப் பாலுக்கு வண்டியை எடுக்காதீர்கள். வழியில் உடைந்த கல்லைப் பார்த்தால் மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். போகவர அறிமுகமான நாலு பேரிடம் அதில் கையெழுத்தும் வாங்குங்கள்.