டார்ச் கேட்பது ஹெச்பியை அல்ல

பிளாஸ்மா கட்டிங் மெஷின் வாங்கும்போது ஆம்பியர், தகட்டின் கனம் என்று துருவித் துருவிக் கேட்பவர்கள், கம்ப்ரசர் என்று வந்தால் 'எத்தனை ஹெச்பி, எத்தனை லிட்டர் டேங்க்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். டார்ச்சுக்கு வேண்டியது விடாமல் வரும் காற்று. 45 ஆம்பியர் மெஷினுக்குச் சுமார் 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஆறேழு கன அடி தேவைப்படும். கம்ப்ரசரில் பெரிதாகப் போட்டிருப்பதோ பல நேரம் பிஸ்டன் இடப்பெயர்ச்சிக் கணக்கு. வெளியே வருவது அதில் கால் பங்கு குறைந்தாலும் வியப்பில்லை. 'எஃப்ஏடி, அதாவது உண்மையில் வெளியே வரும் காற்று, எவ்வளவு?' என்று கேளுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி. தேவையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். பிஸ்டன் கம்ப்ரசருக்கு இடையிடையே ஓய்வு வேண்டும். பெரிய டேங்க் சின்ன வெட்டுகளுக்குத்தான் கைகொடுக்கும், நீள வெட்டில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி மழையில் அம்பத்தூர் ஷெட் ஒன்றில் டேங்கின் அடிவால்வைத் திறந்து பாருங்கள்: எண்ணெய் கலந்த துருத்தண்ணீர் பீய்ச்சியடிக்கும். அது டார்ச்சுக்குள் போனால் எலக்ட்ரோடு முனையிலுள்ள ஹாஃப்னியம் சீக்கிரம் குழிந்துபோகும், நாசில் துளை கோணும், வெட்டு சாயும். பழி மட்டும் மெஷின் மேல்! கையில் காசு குறைவென்றால், நல்ல நிலையிலுள்ள பழைய கம்ப்ரசரை வாங்கி, மிச்சத்தில் டிரையர் போடுங்கள் என்பேன். டேங்குக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) சான்று இல்லாத பழசை மட்டும் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.