ஆர்சனலின் பெறுமதிமிக்க வீரர் ஆர்? எங்கட வாக்கு பின்னுக்கு நிக்கிறவருக்கு

ஓகஸ்ட் மாதம் வந்தால் உதைபந்தாட்ட ரசிகர்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, புதிதாக வந்த வீரர்களின் யூரியூப் காணொளிகளைப் பார்த்து நம்பிக்கையை ஏற்றிக்கொள்வது. மற்றது, சீசன் தொடங்க முதலே அதன் முடிவைச் சொல்லிவிடுவது. நாங்களும் இதற்கு விதிவிலக்கில்லை. எங்கள் குழுவில் ஆர்சனல் ரசிகர்கள் கொஞ்சம் அதிகம். அதனால் இந்தமுறை எங்களுக்குள் நடந்த விவாதம் இதுதான்: 2025-26 சீசன் முடியும்போது ஆர்சனலின் பெறுமதிமிக்க வீரர் எண்டு ஆரைச் சொல்லுவம்?

முதல் சுற்றில் வந்த பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். புகாயோ சாகா. டெக்லன் ரைஸ். மார்ட்டின் ஒடேகார்ட். ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் இருந்து வந்திருக்கிற விக்டர் ஜ்யோகெரெஸ். நடுக்களத்துக்கு ரியல் சொசியடாட்டில் இருந்து வந்த மார்ட்டின் சுபிமெண்டிக்கும் ஒரு வாக்கு விழுந்தது. பின்கள வீரர் ஒருவரின் பெயரும் முதல் சுற்றில் வரவில்லை.

இது எங்களுடைய பழக்கம் மட்டும் இல்லை. ஆர்சனல் கழகம் ஒவ்வொரு சீசன் முடிவிலும் ரசிகர் வாக்கெடுப்பில் சிறந்த வீரரைத் தெரிவு செய்கிறது. கடைசி ஏழு சீசன்களின் பட்டியலைப் பாருங்கள்: லகசெட், ஒபமெயாங், சாகா, திரும்பவும் சாகா, ஒடேகார்ட், திரும்பவும் ஒடேகார்ட், போன முறை ரைஸ். ஒரு பின்கள வீரரும் இல்லை. இத்தனைக்கும் 2023-24 இல் பிரீமியர் லீக்கிலேயே குறைந்த கோல் வாங்கிய அணி ஆர்சனல்தான், 38 போட்டிகளில் 29. அடுத்த சீசனிலும் அதே முதலிடம், 34 கோல். இரண்டு வருடமாக நாட்டிலேயே சிறந்த பாதுகாப்பை வைத்துக்கொண்டு, அந்தப் பாதுகாப்பில் நிற்கிற ஒருவருக்கும் நாங்கள் கை தட்டவில்லை.

உலக அளவிலும் கதை இதுதான். பலோன் டோர் விருதை ஒரு பின்கள வீரர் கடைசியாக வென்றது 2006 இல், இத்தாலியின் கன்னவாரோ. 2019 இல் வேர்ஜில் வன் டைக் இரண்டாமிடம் வரைக்கும் வந்தார். அந்த முறையும் மெஸ்ஸிக்குத்தான் போனது.

ஆகவே எங்கட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த சீசன் ஆர்சனலின் பெறுமதிமிக்க வீரராக இருக்கப்போவது கப்ரியேல். அணியில் மூன்று கப்ரியேல் இருப்பதால் தெளிவாகச் சொல்ல வேணும்: முன்னுக்கு ஓடுகிற ஜெசூஸும் இல்லை, இடப்பக்கம் ஓடுகிற மார்ட்டினெல்லியும் இல்லை. பின்னுக்கு, சலிபாவுக்குப் பக்கத்தில் நிற்கிற கப்ரியேல் மகல்யாயெஸ்.

ஏன் எண்டு சொல்ல முதல், ‘பெறுமதி’ என்றால் என்ன என்பதைப் பேசவேண்டும். சிறந்த வீரரும் பெறுமதிமிக்க வீரரும் ஒன்றில்லை. ஆர்சனலின் மிகச் சிறந்த வீரர் சாகாதான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பெறுமதி என்பது வேறு கணக்கு. அந்த ஆளை எடுத்துவிட்டால் அணிக்கு என்ன நடக்கும்? அவருடைய வேலையைச் செய்ய வேறு ஆள் இருக்கிறாரா? இந்த இரண்டு கேள்விக்கும் வருகிற பதில்தான் பெறுமதி.

இந்த அளவுகோலை முதலில் சாகாவிலேயே வைத்துப் பார்ப்போம். 2024 டிசம்பர் 21 ஆம் திகதி கிறிஸ்டல் பலஸுக்கு எதிரான போட்டியில் அவருக்குத் தொடையின் பின்தசை கிழிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து அவர் திரும்பி வந்தது 2025 ஏப்ரல் 1. இடையில் ஹவேர்ட்ஸும் ஜெசூஸும் காயப்பட்டு வெளியே போனார்கள். பெப்ரவரியில் சொந்த மைதானத்தில் வெஸ்ட்ஹாமிடம் 0-1 தோல்வி, நான்கு நாட்களில் நொட்டிங்ஹம் ஃபொரஸ்டுடன் 0-0. நடுக்களத்தில் ஆடவேண்டிய மெரினோவை முன்கள வீரராக நிறுத்தவேண்டிய நிலைமை. சாகாவின் பெறுமதி அந்த மாதங்களில் எல்லாருக்கும் விளங்கியது. போன வருடம் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் எங்கட பதில் சாகாவாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் கழகத்துக்கும் அது விளங்கியது. அதனால்தான் வலப்பக்கம் ஆடக்கூடிய மடுவேகேயை செல்சியில் இருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். அவர் சாகா இல்லை. ஆனாலும் சாகா இரண்டு மாதம் இல்லாமல் போனால் அணி நின்றுவிடாது. ரைஸின் கதையும் அப்படித்தான். ரியல் மட்ரிட்டுக்கு எதிராக ஒரே இரவில் இரண்டு ஃப்ரீகிக் கோல் அடித்தவரின் திறமையை ஆர் மறுப்பது? ஆனால் இந்த முறை நடுக்களத்தில் சுபிமெண்டி, நோகார்ட், மெரினோ எண்டு ஆட்கள் நிற்கிறார்கள். ரைஸ் தனியே சுமந்த பாரம் பிரிக்கப்பட்டிருக்கிறது. அது அவருக்கு நல்லது, அணிக்கும் நல்லது. ஆனால் எங்கள் கணக்கில் அவருடைய பெறுமதி கொஞ்சம் பகிரப்பட்டுவிட்டது.

இனி கப்ரியேல். சாகா திரும்பி வந்த அதே ஏப்ரல் 1 போட்டியில்தான், ஃபுல்ஹாமுக்கு எதிராக, கப்ரியேல் காயப்பட்டு வெளியே போனார். அதோடு அவருக்கு சீசன் முடிந்தது. அந்தப் போட்டியோடு ஆர்சனல் 30 ஆட்டங்களில் 61 புள்ளி எடுத்திருந்தது, வாங்கிய கோல் 25. மிச்சம் இருந்த எட்டு ஆட்டங்களில் எடுத்தது 13 புள்ளி, வாங்கியது 9 கோல். எவர்டன், பிரென்ட்ஃபோர்ட், கிறிஸ்டல் பலஸ், லிவர்பூல் எண்டு நான்கு சமநிலை, போர்ன்மவுத்திடம் ஒரு தோல்வி. சம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பரிஸ் செயின்ட் ஜேர்மனிடம் இரண்டு ஆட்டமும் தோல்வி.

இந்த இடத்தில் எங்கள் குழுவிலேயே ஒரு நண்பர் குறுக்கே விழுந்தார். “மச்சான், கப்ரியேல் இல்லாமல்தானே மட்ரிட்டை 3-0 எண்டு அடிச்சது? பெர்னபேயுவிலயும் 2-1 எண்டு வெண்டது. கிவியோர் என்ன பிழை விட்டவர்?” நியாயமான கேள்வி. கிவியோர் அந்த இரண்டு ஆட்டத்திலும் அருமையாக ஆடினார். அதோடு ஏப்ரல், மே மாதங்களில் சம்பியன்ஸ் லீக்கை மனதில் வைத்து லீக் ஆட்டங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கினார்கள் என்பதும் உண்மை. எட்டு ஆட்டத்தின் முழுப் பழியையும் ஒருவரின் இல்லாமையில் போட ஏலாது.

இன்னொரு வாதமும் வந்தது, இது இன்னும் பலமானது. 2023 மார்ச்சில் ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு எதிராக சலிபா முதுகில் காயப்பட்டார். அப்போது ஆர்சனல் லீக்கில் முதலிடம். பிறகு லிவர்பூலுடன் 2-2, வெஸ்ட்ஹாமுடன் 2-2, சவுத்தாம்டனுடன் 3-3, மன்செஸ்டர் சிட்டியிடம் 1-4. கிண்ணம் கையை விட்டுப் போனது. அந்த நாட்களில் கப்ரியேல் மைதானத்தில்தான் நின்றார். அப்படியெண்டால் பெறுமதி சலிபாவுக்குத்தானே?

2023 இல் பதில் ஓம். ஆனால் அன்று சலிபாவுக்குப் பதிலாக இறங்கியவர் ரொப் ஹோல்டிங். இன்று வலப்பக்க மத்திய பின்களத்தில் நிற்கக்கூடிய வைட், டிம்பர், புதிதாக வந்த மொஸ்கெரா எண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பின்னுக்கு நின்று காப்பாற்றுவது மட்டும் வேலை என்றால் கப்ரியேலுக்கும் பதில் ஆள் உண்டு, கிவியோர் அதைக் காட்டிவிட்டார். கப்ரியேலுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. அதற்குத்தான் பதில் ஆள் இல்லை.

அந்த வேலை நடக்கிற இடம் எதிரணியின் பெனால்ட்டிப் பெட்டி.

2021 இல் நிக்கோலாஸ் ஜோவர் எண்ட பயிற்சியாளர் மன்செஸ்டர் சிட்டியில் இருந்து ஆர்சனலுக்கு வந்தார். கோர்னர், ஃப்ரீகிக் போன்ற நின்ற பந்துகளுக்கான பயிற்சிதான் அவருடைய வேலை. வலப்பக்க கோர்னரைச் சாகா இடக்காலால் அடிப்பார், இடப்பக்க கோர்னரை ரைஸ் வலக்காலால் அடிப்பார். இரண்டும் கோலை நோக்கி வளைந்து வரும். நாலைந்து பேர் கோல்காப்பாளரையும் பின்கள வீரர்களையும் மறித்து வழி எடுத்துக் குடுப்பார்கள். அந்த வழியில் ஓடி வந்து தலையால் முட்டுகிறவர் பெரும்பாலும் கப்ரியேல். 2024 செப்டெம்பரில் டொட்டன்ஹாம் மைதானத்தில் 1-0 வெற்றி: கோர்னர், கப்ரியேலின் தலை. ஒரு கிழமையில் சிட்டியின் மைதானத்தில் 2-2: அங்கேயும் கோர்னர், கப்ரியேலின் தலை. நவம்பரில் லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்கை 5-1 எண்டு வென்றபோதும் ஒரு கோல் அவருடையது. அடித்துவிட்டு, முகத்தில் கையைக் கோர்த்து வைக்கிற ஜ்யோகெரெஸின் கொண்டாட்டத்தை அவருக்கு முன்னாலேயே செய்து காட்டினார். இப்போது இரண்டு பேரும் ஒரே அணி. அந்த முதல் சந்திப்பு எப்படி இருந்திருக்கும் எண்டு நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

அவர் கோல் அடிக்காத கோர்னர்களிலும் இரண்டு பேர் அவரோடுதான் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் மெரினோவுக்கோ சலிபாவுக்கோ இடம் கிடைக்கிறது. இது எந்தப் புள்ளிப்பட்டியலிலும் வராது.

“பாதுகாப்பு ஏற்கெனவே நல்லாத்தானே இருக்கு. பிரச்சினை கோல்தானே?” எண்டு கேட்பவர்களுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. உண்மைதான். 2023-24 இல் லீக்கில் 91 கோல் அடித்த அணி, போன சீசன் அடித்தது 69. ஜ்யோகெரெஸ் வந்தது அதற்காகத்தான். போர்த்துக்கல் லீக்கில் ஒரே சீசனில் 39 கோல் அடித்தவர். ஆனால் இங்கிலாந்துக்கு வரும் எந்த முன்கள வீரருக்கும் பழகச் சில மாதம் எடுக்கும். போன சீசன் ஆர்சனல் தோற்றது நான்கே ஆட்டம், சமநிலை 14. சம்பியனான லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும் இடைவெளி 10 புள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து சமநிலைகளை வெற்றியாக்கியிருந்தால் அந்த 10 புள்ளி வந்திருக்கும். 1-1 எண்டு இழுபட்டுக்கொண்டிருக்கிற ஒரு ஆட்டத்தில் 80 ஆவது நிமிடம் கிடைக்கிற ஒரு கோர்னர்தான் அந்த ஐந்து ஆட்டத்தின் வித்தியாசம். அந்த கோர்னருக்கு ஆர் வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

இதை நாங்கள் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்கு ஆர்சனல் மட்டும் காரணம் இல்லை. எங்கட ஊர் மைதானங்களில் பின்னேரம் பெடியள் அணி பிரிக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். நல்லா விளையாடுகிறவன் முன்னுக்கு. ஓடமாட்டாதவன், புதுசா வந்தவன், வயசு குறைஞ்சவன் பின்னுக்கு. ‘பெக்’ எண்டால் தண்டனை மாதிரி. பாடசாலை அணிகளிலும் இதன் சாயல் இருக்கிறது. கோல் அடித்தவனின் பெயர் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும், கடைசி நிமிடத்தில் கோட்டில் நின்று பந்தைத் தடுத்தவனின் பெயரை அவனுடைய வீட்டுக்காரர்கூடக் கேள்விப்பட மாட்டினம். அப்படி வளர்கிற பெடியன் ஏன் பின்களத்தில் நிற்க ஆசைப்படப் போகிறான்? நாங்கள் ஆரை எண்ணுகிறோமோ, அவர்களைப் போலத்தான் அடுத்த தலைமுறை வரும்.

மாற்றம் மெல்ல நடக்கிறது. பிரீமியர் லீக்கின் ஃபென்டசி விளையாட்டில் இந்த சீசனில் இருந்து ஒரு புது விதி. ஒரு பின்கள வீரர் ஒரு போட்டியில் பந்தை அகற்றுவது, மறிப்பது, இடைமறிப்பது, ராக்கிள் செய்வது எல்லாம் சேர்த்து பத்தை எட்டினால் அவருக்கு மேலதிகமாக இரண்டு புள்ளி. சின்ன விசயம்தான். ஆனால் இவ்வளவு நாளும் பூச்சியமாகக் கிடந்த வேலைக்கு ஒரு எண் கிடைத்திருக்கிறது.

ஆர்சனல் கடைசியாக லீக் வென்றது 2003-04 இல், ஒரு ஆட்டமும் தோற்காமல். அந்த சீசனில் ஹென்றி அடித்த 30 கோலை எல்லாரும் சொல்லுவம். அணி வாங்கியது 26 கோல்தான் எண்டதும், அதற்காகக் கம்பலும் கோலோ தூரேயும் பின்னுக்கு நின்றதும் எத்தனை பேருக்கு ஞாபகம்? 21 வருடம் போய்விட்டது. இந்த முறை கிண்ணம் வந்தால், அது வந்த வழியைச் சரியாகச் சொல்லவாவது பழகுவம்.

எங்கள் கணிப்பு பொய்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கப்ரியேலின் தொடைத்தசை திரும்பவும் சதி செய்வது. மற்றது, ஜ்யோகெரெஸ் லிஸ்பனில் அடித்த மாதிரி இங்கேயும் அடித்துத் தள்ளுவது. இரண்டாவது நடந்தால் நாங்கள் சந்தோசமாகத் தோற்றுப்போகிறோம்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு இரவு 9 மணிக்கு ஓல்ட் ட்ரஃபோர்டில் முதல் ஆட்டம். ஆர்சனலுக்குக் கோர்னர் கிடைக்கும்போது பந்து அடிப்பவரை ஒருக்கா விட்டுவிடுங்கள். ஆறாம் இலக்க மேற்சட்டை எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது எண்டு மட்டும் பாருங்கள்.