அழியாத முத்திரை

மகள் கல்யாணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் நகையாகிறது. அது நல்ல தங்கம்தானா? முத்திரைதான் சொல்ல வேண்டும்.

மை அழியும். சீட்டு கிழியும். ஆகவே தங்கத்திலேயே பொறிக்க வேண்டும். எஃகு அச்சை வைத்து அடித்தால் கனத்த வளையல் தாங்கும். மெல்லிய ஜிமிக்கி நசுங்கிவிடுமே! 'லேசர்' ஒளியால் பொறித்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் ஆழம் குறைவு. உரசாத இடமாகப் பார்த்துப் பொறிக்க வேண்டும்.

'916' என்றால் 1,000 பங்கில் 916 பங்கு தங்கம். பக்கத்தில் எண்ணும் எழுத்தும் கலந்த 6 இலக்க அடையாளம் இருக்கும். ஒரு நகைக்கு உள்ளது இன்னொன்றுக்கு இராது. இந்தியாவில் ஹால்மார்க் கட்டாயமான தங்க நகையை இது இல்லாமல் கடைகள் விற்க 1-4-2023 முதல் தடை.

எழுத்து மிகவும் பொடி. பாட்டிமார் எப்படிப் படிப்பார்கள்? கடையில் பூதக்கண்ணாடி இருக்க வேண்டும் என்பது விதி. கூச்சப்படாமல் கேளுங்கள்!