பொறுமைக்காரிகள்

தியாகதுருகத்திலிருந்து சென்னைக்கு வந்த எனக்குக் கம்பெனி கொடுத்தது விஷுவல் பேசிக் 6. 1998இல் வந்த மொழி. அதில் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008இலேயே நிறுத்திவிட்டது. கம்பெனியின் கணக்கெல்லாம் இன்னும் அதில்தான் ஓடுகிறது. புதிய வேலை வந்தால் ஆண்களுக்கு. “பொண்ணுங்கதான் பொறுமையா பார்ப்பீங்க” என்றார் மேலாளர். அடுத்தவர் சாப்பிட்ட தட்டைக் கழுவும் அதே பொறுமை! ஏழு வருடம் கழுவினேன். வெளியே வேலை தேடினால், “புதுசா என்ன தெரியும்?” என்கிறார்கள். “போதும், கல்யாணம் பண்ணிக்கோ” என்கிறாள் அம்மா.

கோபோல் மொழிக்கு முன்னோடியான ஃப்ளோ-மேட்டிக்கை 1950களில் உருவாக்கிய குழுவின் தலைவி கிரேஸ் ஹாப்பர். பெண்ணுக்குப் புதியது வராது என்று யார் சொன்னது? பழையதைக் காப்பதும் மூளை உழைப்புதான். அதற்குரிய சம்பளத்தைக் கொடுங்கள். புதிய வேலைகளைச் சுழற்சி முறையில் பிரியுங்கள். தட்டை இனி ஆண்களும் கழுவட்டும்.