பேசுற பொம்மை பற்றி

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானம் பரிமாறிக்கிட்டு இருந்தோம். இரண்டு வயசுப் பிள்ளை ஒண்ணு, கையில 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்ற பொம்மை. அழுத்துது, அது பாடுது, மறுபடியும் அழுத்துது. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி நாலு பேரும் பக்கத்துலதான். ஒருத்தரும் பிள்ளைகிட்ட வாய் திறக்கல. பொம்மைதான் பேசுதே!

நாங்களும் பேரனுக்கு 80 வெள்ளி கொடுத்து வாங்கினவங்கதான், மறைக்க என்ன இருக்கு.

2015-ல் அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேர், அவங்க பெற்றோரோட. மின்னணு பொம்மை வெச்சு விளையாடினப்போ பெற்றோர் பேசினது குறைவு. படப் புத்தகம் வெச்சப்போ அதிகம்.

தொழிற்சாலையில மெஷினோடயே காலம் தள்ளுறவங்க நாங்க. பட்டனை அழுத்தினா அதே பதில்தான் வரும். பிள்ளை வாழைப்பழத்தைக் காட்டி "பயம், பயம்"னு சொன்னா பொம்மைக்குப் புரியுமா? பாட்டிக்குப் புரியும்.

பொம்மையே வேண்டாம்னு சொல்லல. எழுத்து, நிறம் எல்லாம் காட்டுது, சரி. ஆனா பேட்டரி மூடி ஸ்க்ரூ இறுக்கமா இருக்கான்னு பாருங்க. பட்டன் பேட்டரியை விழுங்கினா உயிருக்கே ஆபத்து.

வர்ற வெள்ளிக்கிழமை பந்தியில பொம்மையை அணைச்சுட்டு, இலையில இருக்கறதுக்கு ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கொடுங்க. அப்பளம் எங்க செலவு, கேட்டா இன்னொண்ணு போடுறோம்.