டியூ கட்ட முடிகிற மின்லாரி

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வைத்திருப்பவரிடம் வண்டி என்ன விலை என்று கேட்டால், மாதம் எவ்வளவு டியூ என்றுதான் சொல்வார். டீசல், டோல், டயர், டிரைவர் பேட்டா போக டியூவுக்கு மிஞ்சினால் தொழில் ஓடும். மின்லாரிக்கு மானியம் அறிவித்த மத்திய அரசு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்லாரிக்கு ஒதுக்கீடு 500 கோடி ரூபாய். வண்டி ஒன்றுக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். பழைய லாரியை உடைத்த சான்றிதழும் காட்ட வேண்டும்.

55 டன் இழுவை வண்டியை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3 கி.மீ., டீசல் 92 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 30 ரூபாய்க்கு மேல். மின்லாரிக்குக் கி.மீ.க்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால், சொந்த ஷெட்டில் யூனிட் 10 ரூபாய்க்கு ஏற்றுபவருக்கு 15 ரூபாய்தான். நெடுஞ்சாலை சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்றால் அதே 30 ரூபாய், மிச்சம் ஒன்றுமில்லை. ஷெட் உள்ளவருக்கும் வட்டி நிற்கிறது. மின்லாரியின் கூடுதல் விலை 70 லட்சம், வட்டி 13 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9.1 லட்சம். மானியம் ஏறக்குறைய முழுதும் முதல் ஆண்டு வட்டியிலேயே கரைந்துவிடும்.

சிமென்ட் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் நாள் தவறாமல் ஓடும் பெரிய நிறுவனம் இதையும் சமாளிக்கும். ரிட்டர்ன் லோடுக்காக இரண்டு நாள் காத்துக்கிடக்கும் ஒற்றை லாரிக்காரர் என்ன செய்வார்?

மின்லாரிக்குப் பதில் எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) இடைக்கால வழி என்கிறார்கள். மைனஸ் 162 டிகிரியில் வைக்க வேண்டிய எரிபொருள் அது. நாட்டின் எரிவாயுத் தேவையில் ஏறக்குறைய பாதி இறக்குமதி. உக்ரைன் போரின்போது அதன் விலை ஏறிய ஏற்றம் மறந்திருக்காது. ஹைட்ரஜனில் ஓடும் 16 லாரிகளை டாடா நிறுவனம் 2025 மார்ச்சில் சோதனைக்கு இறக்கியது. சோதிக்கட்டும். ஆனால் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். எரிகலத்திலிருந்து திரும்பக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆக, மின்லாரியே சரியான பந்தயம். பணம் போகும் இடம்தான் தவறு. பழைய டீசல் லாரிக்குச் சந்தையில் விலை உண்டு, பழைய மின்லாரிக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. கடன் கொடுப்பவர் தயங்குவதும் வட்டியைக் கூட்டுவதும் அதனால்தான். அந்த 500 கோடியைக் கடன் உத்தரவாத நிதியாக மாற்றி, ஐந்து லாரிக்குள் வைத்திருப்பவர்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். ஜெர்மனியைப் போல மின்லாரிக்குச் சுங்கக் கட்டணத்தை நீக்க வேண்டும். சூரிய மின்சாரம் பெருகும் பகல் நேரத்தில் லாரி சார்ஜர்களுக்குத் தனிக் கட்டணம் தருவது தமிழக அரசின் பொறுப்பு. அதைச் சென்னை–பெங்களூரு சாலையிலிருந்தே தொடங்கலாம்.