மடி போதாது, அம்மா!



தைப்பூசத்துக்குச் சுங்கைப் பட்டாணிப் பக்கமிருந்து பத்துமலைக்குக் காடியில் போவதென்றால், 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். "கைக்குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாகத்தான் போனோம். நாய் ஒன்று குறுக்கே பாய, என் கணவர் பிரேக்கை மிதித்தார். இறுக்கிப் பிடித்திருந்த மகள் என் கையைவிட்டு நழுவி, முன் ஆசனத்தில் மோதினாள். நெற்றி வீங்கியதோடு தப்பினோம். பெரிய ரோட்டு வேகத்தில் அது நடந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

2020 முதல் நம் நாட்டில் சொந்தக் காடியில் செல்லும் சிறு பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். அதைப் பின் ஆசனத்தில் பொருத்துங்கள். கைக்குழந்தையின் முகம் காடியின் பின்பக்கம் பார்க்கட்டும். விலை கட்டவில்லையா? பிள்ளை வளர்ந்துவிட்ட உறவினரிடம் கேளுங்கள். ஆனால் அது விபத்தில் அடிபட்டதா, வார் நைந்திருக்கிறதா என்று விசாரித்து வாங்குங்கள்.

விடியுமுன் கிளம்பினால் வெயிலுக்குத் தப்பலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வழியில் தாப்பா ஓய்விடம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் பசியாறட்டும், கொஞ்சம் ஓடி விளையாடட்டும். தூங்குகிறதே என்று குழந்தையைக் காடிக்குள் விட்டுவிட்டு மட்டும் இறங்காதீர்கள். கண்ணாடியைச் சற்றே திறந்து வைத்தாலும், நின்ற காடி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும்.

முருகன் துணை இருப்பான், தாயே. வாரை மாட்டுவது நம் வேலை.